மாமாவின் புருவங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்னை மாநகரின் இரண்டு சாலைகளைப் பற்றி முதலில் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, இராயப்பேட்டை வழியே செல்லும் ஔவை சண்முகம் சாலை. மற்றொன்று, தியாகராய நகரிலுள்ள செவாலியே சிவாஜி கணேசன் சாலை. முன்னதை லாயிட்ஸ் ரோடு என்றும் பின்னதைத் தெற்கு போக் ரோடு என்றும் சொன்னால்தான் வயதான ஆட்டோ ஓட்டுநர்களுக்கு உடனே விளங்குகிறது. இவ்விரு பெயர்களையும் பேருந்தின் சன்னல் வழியே பலமுறை படித்திருப்போம். ஆனால் இவ்விருவருக்கும் பொதுவான ஒரு செய்தியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இருவரும் பெண் வேடம் கட்டியவர்கள்.

தி. க. சண்முகம் (1912–1973) நாடகத்தில் ஔவையாராக நடித்தார். நடித்த பாத்திரத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கிழவியின் பெயரைத் தாங்கியபடி ஓர் ஆண்மகன் இந்த நகரத்தில் தெருப்பலகையாக நிற்கிறார். யாரும் அதைக் கண்டு சிரிப்பதில்லை. சிவாஜி கணேசனோ சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்த காலத்தில் சீதையாக மேடையேறியவர். வீரபாண்டிய கட்டபொம்மனாக நாம் பார்த்து வியக்கும் அந்த நடையும் கண்களும் பெண் வேடத்தில் பழகி வந்தவை என்று எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

கம்பெனி நாடகக்காரர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக அவ்வாறு செய்தார்கள் என்று சிலர் கூறலாம். 1891-ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் படித்த கனவான்கள். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் மாலையில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒத்திகைக்கு வந்தார்கள். பெண்கள் மேடையேறாத அந்நாளில் கதாநாயகிகளும் அவர்களிலிருந்தே வர வேண்டியிருந்தது. சம்பந்த முதலியார் கதாநாயகனாக நடித்தபோது அவருக்கு இணையாகக் கதாநாயகி வேடம் பூண்டவர் ரங்கவடிவேலு. அவரும் ஒரு வழக்கறிஞரே. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 1935-இல் வந்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1941-இல் வந்த சாவித்திரி படத்தில் நாரதராக வந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. அவ்விருவரின் பெருமையும் அதனால் குறையவில்லை.

இன்னும் பின்னே சென்றால், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களுள் ஒன்றின் பெயரே 'பேடு' என்பதாகும். காமன் பேடி உருவங்கொண்டு வாணன் நகரில் ஆடிய ஆடல் அது. அருச்சுனன் விராட நாட்டில் ஓராண்டு பிருகன்னளையாக வாழ்ந்தான். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவர் யார்?

நிற்க. மேடையில் நிற்பவருக்கு மாலை விழுகிறது. பல்லக்கில் அமர்ந்தவருக்குக் கற்பூரம் ஏற்றப்படுகிறது. மேடையும் பல்லக்கும் இல்லாத ஒருவர், அறுவடை முடிந்து கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒருவர், தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சேலை கட்டினால் அவருக்கு என்ன கிடைக்கிறது? இதை நான் நூலில் படித்துக் கேட்கவில்லை. என் தாய்மாமனைப் பார்த்துக் கேட்கிறேன். ஊரின் பெயரை மட்டும் எழுதாதே, மற்றதை எழுதிக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே செய்யாறு பக்கம் ஒரு சிற்றூர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

மாமா தெருக்கூத்தில் பெண் வேடக்காரர். பதினைந்து வயதில் சலங்கை கட்டியவர், இன்று நாற்பத்தேழு. காதில் கடுக்கன் உண்டு. மீசை வைத்ததே இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அவருக்கு ஓய்வே இராது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். துகிலுரிதல் அன்று அவரைப் பார்க்க வேண்டும். துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுமுன் தாயே பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வரும். பகலில் எங்களைத் தெருவுக்குள் செருப்போடு விடாத பெரிய மனிதர்கள்கூட அந்த நேரத்தில் மாமாவை நோக்கிக் கைகூப்புவதை நான் சிறு வயதிலேயே கண்டிருக்கிறேன். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிப் பழந்துணியால் முகத்தைத் துடைத்துவிடுவார். அதன் பிறகு கும்பிட்டவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். டீக்கடை வாசலில் நிற்கும் பையன்கள் 'ஒம்போது' என்று கூவுவார்கள்.

இங்கே வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு விளக்கம். 'அரிதாரம் பூசுதல்' என்று சொல்கிறோமே, அந்த அரிதாரம் என்பது ஆர்சனிக் டிரைசல்பைடு. பண்பறி பகுப்பாய்வில் இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் மஞ்சளாக வீழ்படிவாகிறதே, அதுதான். நஞ்சு. அந்தக் கனிமத்தைப் பொடித்து முகத்தில் பூசிய காலம் ஒன்று இருந்தது. இன்று பொருள் மாறிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. மாமாவின் தகரப் பெட்டியில் இருப்பவை துத்தநாக ஆக்சைடும் சில சாயப்பொடிகளும் தேங்காய் எண்ணெயும்தான். முதலாண்டு ஆய்வகத்தில் அந்த மஞ்சளைப் பற்றி ஆசிரியர் விளக்கியபோது வகுப்பில் எனக்கு மட்டும் மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது.

மாமாவுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தம்மைப் பெண்ணென்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், திருநங்கையரையும் வேடம் கட்டுவோரையும் நம்மவர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்கள் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் பெண் வேடம் இட்டவர் அல்லர், திருநங்கை. மாமாவின் செய்தி வேறு. கூத்து இல்லாத மாதங்களிலும் சில இரவுகளில் கதவைச் சாத்திக்கொண்டு சேலை கட்டி, பொட்டு வைத்து, சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவே. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. அத்தைக்குத் தெரியும். தம் பழைய சேலைகளில் ஒன்றை அதற்கென்றே மூங்கில் கூடையில் தனியே மடித்து வைத்திருக்கிறார். "குடிச்சிட்டு வந்து ஒதைக்கிறவனை விட இது தேவல" என்று என் அம்மாவிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நல்ல மனம்தான். ஆனாலும் அதை ஏற்றுக்கொள்ளுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிகாரனோடு ஒப்பிட்டு அளித்த மன்னிப்பு என்றே தோன்றியது.

சென்ற தை மாதம் மாமா சென்னைக்கு வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இயல் இசை நாடக மன்ற அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தியாகராய நகரில் அத்தைக்கு ஒரு சேலை, மயிலாப்பூரில் கூத்துக்குச் சவுரியும் கல் நகையும் வாங்க வேண்டும். விடுதியிலிருந்து நான் துணைக்குச் சென்றேன். விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மாப்ள, புருவம் எடுக்கிற கடை இங்க எங்கடா இருக்குது?" என்றார். பாரதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எடுத்த புருவம் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். அதை நான் கேட்கவில்லை.

பக்கத்தில் ஆற்றைக் கடந்தால் அடையாறு. அங்கே ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பெரிய அழகு நிலையம் ஒன்று உண்டு என்று வகுப்பு நண்பன் ஒருவன் சொல்லியிருந்தான். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. மேசையில் இருந்த இளைஞர் மாமாவின் வேட்டியையும் மஞ்சள் பையையும் பார்த்தார். மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொல்ல, உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு அச்சிட்ட விலைப் பட்டியலை நீட்டினார். மாமாவின் இரண்டு நாள் கூலி அதில் முதல் வரியிலேயே இருந்தது. நாங்கள் திரும்பிவிட்டோம்.

தியாகராய நகரில் சேலை வாங்கிய பின் பனகல் பூங்கா அருகே ஒரு கடைக்குச் சென்றோம். 'பெண்களுக்கு மட்டும்' என்று பலகை. நான் படியேறிச் சென்று கேட்டேன். உள்ளிருந்த அம்மையார் பலகையைக் கையால் காட்டினார், வாய் திறக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் தலையை விரித்துப் போட்டு, முகத்தில் களிம்பு பூசி, அச்சமின்றி உட்கார்ந்திருக்கும் இடம் இந்த நகரத்தில் எத்தனை உண்டு? அங்கே ஓர் ஆணை விட மறுப்பதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. மாமாவும் அதையே சொன்னார். "பொம்பளைங்க ஒக்காந்திருக்கிற எடம்டா. அவங்க சொல்றது ஞாயம்."

மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியில் கல் நகை பார்த்தோம். நாட்டியமாடும் பெண் பிள்ளைகளுடன் வந்த தாய்மார்கள் கூட்டம். மாமா நெற்றிச்சுட்டியைத் தம் நெற்றியில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது கடைக்காரர் சிறிதும் வியக்கவில்லை. கூத்துக்காரர்களையும் நடனக்காரர்களையும் அவர் நிறையப் பார்த்தவர் போலும். வெளியே வந்து கச்சேரி சாலைப் பக்கம் நடந்தபோது ஒரு சந்தில், தையற்கடைக்கு மேலே, மாடியில் ஒரு சிறு அழகு நிலையம் கண்ணில் பட்டது. அங்கும் அதே பலகை. மாமா சந்திலேயே நின்றுகொண்டார். உச்சி வெயில். நான் படியேறுவதற்குள் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் நூல்கண்டு தொங்கியது.

"யாருப்பா, இன்னா வேணும்?"

"எங்க மாமாவுக்குப் புருவம் எடுக்கணும்க்கா. போர்டு பார்த்தோம். அதான்..."

அவர் கீழே பார்த்தார். மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப்பக்கப் பழக்கம்.

"போர்டு குடிச்சிட்டு மேல ஏறி வர்றவனுங்களுக்கு வெச்சதுப்பா. அண்ணா, வெயில்ல நிக்காதீங்க. மேல வாங்க."

உள்ளே இரண்டே நாற்காலிகள். ஒன்றில், தலைமுழுதும் மருதாணிக் குழம்பு அப்பிக்கொண்டு ஒரு மாமி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த மாமி ஒரு சொல் சொன்னால் போதும், நாங்கள் இறங்க வேண்டியதுதான். அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "செத்த அந்தப் பக்கம் நகந்து நில்லுங்கோ. ஃபேன் காத்து எனக்கு வரவே இல்லை" என்றார். மாமா நகர்ந்தார். அவ்வளவுதான். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மற்றொரு நாற்காலியைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். என் தாத்தா, அதாவது மாமாவின் தந்தை, எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையின் நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. 1955-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்பது பாடத்தில் இருக்கிறது. கடைக்குள் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. மாமா இளைஞராக இருந்தபோது பக்கத்து டவுனுக்கு நடந்து போய் முடி வெட்டிக்கொள்வாராம். ஆகையால் நாற்காலி என்பது எங்களுக்கு வெறும் மரச்சாமான் அன்று. அந்த அக்கா இருக்கையைத் துணியால் ஒரு தட்டுத் தட்டி, "ஒக்காருங்கண்ணா" என்றபோது மாமா உடனே உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு விளிம்பில் உட்கார்ந்தார். "நல்லா சாஞ்சி ஒக்காருங்க. தலை ஆடக் கூடாது."

அவர் மாமாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"யாருண்ணா இதைப் பண்ணது? பிளேடா?"

"ஆமாம்மா. நானேதான். முப்பது வருசமா பிளேடுதான்."

"அதான் இப்படிக் கண்டபடி மொளச்சிருக்குது. பிளேடு வெச்சா முடி தடிச்சிடும்."

முடி தடிப்பதில்லை; கூர்நுனி போய் வெட்டுப்பட்ட மொட்டை முனை நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. இதை அப்போது அவரிடம் சொல்லவில்லை. இதழ் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மாமா எதற்காக வந்தார் என்று அவர் கேட்கவேயில்லை. மாடவீதிக் கடைப் பையைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவர் கேட்டது வேறு.

"மேடைக்குன்னா வளைவு தூக்கலா வைக்கணும், தூரத்துல ஒக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணும். வீட்டுக்குன்னா மெல்லிசா, அடியில மட்டும் எடுத்தாப் போதும். உங்களுக்கு எது?"

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. 'கூத்துக்கு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கே எவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. முப்பது ஆண்டுகளாக மாமாவைக் காத்து வந்த சொல் அது. சேலைக்கு, வளையலுக்கு, மழித்த மீசைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே பதில். மாமா கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கண்ணைத் திறந்தாரா இல்லையா என்று நான் பார்த்தேன். மூடித்தான் இருந்தன.

"வூட்டுக்குத்தாம்மா" என்றார் மாமா.

"அப்ப வளைவு வேணாம். நெத்தி ஓரமா கொஞ்சம் சரி பண்ணி, அடியில மட்டும் எடுத்து விடுறேன். பொடவை கட்டினாலும் நல்லா இருக்கும், வேட்டி கட்டிக்கினு வேலைக்குப் போனாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. சரியா?"

மாமா தலையை ஆட்டினார். "ஆடாதீங்கன்னு சொன்னனே" என்று ஓர் அதட்டல்.

முகப்பவுடரைப் புருவத்தின்மேல் தட்டினார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபுறத்தை இரு கை விரல்களிலும் சுற்றி நடுவில் முறுக்கு விட்டார். ஒரு கையின் விரல்கள் விரியும்போது முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஓடும் வழியில் அகப்படும் முடியைக் கவ்வி வேரோடு எடுத்துவிடுகிறது. விலை மலிந்த ஒரு பருத்தி நூல். வேறு கருவியே கிடையாது. மாமாவின் கண்களில் நீர் வழிந்தது. "எல்லாருக்கும் வரும்ணா. அந்த நரம்பு அப்படி" என்றார் அந்த அக்கா, பல்லில் நூலோடு. கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்ல, மாமா இரு கைகளாலும் நெற்றியையும் இமையையும் பிடித்துக்கொண்டார். பிறகு சோற்றுக் கற்றாழைப் பசையைத் தடவிச் சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதையே செய்தார். ஒன்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஐம்பது ரூபாய் என்றார். மாமா நூறு ரூபாய் நீட்ட, மீதி ஐம்பதைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். "மூணு வாரத்துல திரும்ப மொளைக்கும். பிளேடு மட்டும் வைக்காதீங்க."

நாங்கள் இறங்கும்போது மாமி, "இந்த மருதாணி இன்னும் எத்தனை நாழிடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தெப்பக்குளத்தின் ஓரமாக நடந்தோம். மாமா வெகுநேரம் பேசவில்லை. புருவத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்: "ஏண்டா மாப்ள, நீ படிச்சவன். ஒருத்தன் பொடவ கட்டிக்கினு ரோட்ல நடந்தா போலீசு புடிக்குமா?"

எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரி நூலகத்திலும் சட்டம் படிக்கும் ஒரு மாணவரிடமும் விசாரித்தேன். ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தில், காவல் பதிவேட்டில் பெயர் ஏற்றப்பட்ட அரவாணிகள் பெண் உடையில் தெருவில் தோன்றினால் இரண்டாண்டு வரை சிறை என்று ஒரு பகுதி இருந்திருக்கிறது. வடநாட்டுப் பகுதிகளுக்காக எழுதப்பட்டது அது. உடைக்குச் சிறை! அந்தச் சட்டம் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியரின் உரிமைகள் பற்றி அளித்த தீர்ப்பில், ஒருவர் தம் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று கூறியிருக்கிறது. நம் தமிழகம் அதற்கும் ஆறாண்டுகள் முன்பே, 2008-இல், இந்தியாவில் முதன்முதலாக அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. இவற்றையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு மாமாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சர்ரா. கோர்ட்டு சொல்லிச்சி. நம்ம ஊர் டீக்கடைக்கு யாரு சொல்றது?"

அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. டீக்கடைப் பையன்கள் இன்னும் கூவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சித்திரையில் ஊருக்குப் போனபோது நானே கேட்டேன். ஒருவனிடம் சண்டைக்கும் போனேன். மாமா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றிரவு துகிலுரிதல். கூவிய பையனின் தாய்க்குத்தான் முதலில் அருள் வந்தது.

மாமா கதவைச் சாத்திக்கொள்வதும் மாறவில்லை. ஒரு நாள் மாறும் என்றோ மாறாது என்றோ நான் சொல்வதற்கில்லை. ஆனால் மூங்கில் கூடையில் இருந்த பழைய சேலைக்குப் பதிலாக இப்போது வேறொன்று இருக்கிறது. தியாகராய நகரில் அன்று வாங்கினோமே, அந்த நீலச் சேலை. அத்தைக்கு என்று வாங்கியது. "எனக்கு நீலம் எடுக்காது, அவருக்குத்தான் எடுக்குது" என்று அத்தையே சொல்லி அதில் வைத்துவிட்டாராம். இதைச் சொன்னவர் என் அம்மா. குடிகாரனோடு ஒப்பிடும் பேச்சு இப்போது வருவதில்லை என்பதையும் அம்மாவே சேர்த்துச் சொன்னார்.

ஆடி மாதத்தில் அத்தைக்கு ஒரு பல் பிடுங்க வேண்டியிருந்தது. இருவருமாகச் சென்னைக்கு வந்தார்கள். பல் வேலை முடிந்த மறுநாள் மயிலாப்பூருக்குப் போனோம். அந்த அக்கா மாமாவை அடையாளம் கண்டுகொண்டு, "பிளேடு வெச்சீங்களா?" என்றார் முதலில். வைத்திருந்தார். திட்டு விழுந்தது. பிறகு அத்தையைப் பார்த்து, "நீங்களும் ஒக்காருங்கக்கா, ரெண்டு பேருக்கும் எடுத்துடுறேன்" என்றார். அத்தை வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இன்னாத்துக்கு? அவருக்குப் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு, மாமாவின் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று என்னைக் கேட்டார்: "பேசியல்னா இன்னாடா அது? நாநூறு ரூபா போட்டுக்கிறான்."

நான் விளக்கினேன். அத்தை மாமாவின் முகத்தைக் கண்ணாடியில் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அது பொங்கலுக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.